நெருக்கடியும் தொழிலும்: மன்னார்க் கரை தரும் பாடம்

தொழில் செய்வோர் எவராயினும், இடர் வரும் காலம் ஒன்று அவருக்கு உண்டு. மழை பொய்க்கலாம், சந்தை சரியலாம், போர் மூளலாம், நோய் பரவலாம். அக்காலத்தில் சில தொழில்கள் மடிந்துபோகின்றன. சில தொழில்கள் உருமாறிப் பிழைத்துக்கொள்கின்றன. இந்த வேறுபாடு எதனால் உண்டாகிறது? முயற்சியுடையவன் பிழைப்பான், சோம்பியவன் கெடுவான் என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. அயராது உழைத்தவர்கள் அழிந்ததும் உண்டு. அளவான முயற்சியுடையோர் நிலைத்ததும் உண்டு. ஆகவே முயற்சியை மட்டும் பாராமல், தொழிலின் அமைப்பையே நாம் பார்த்தல் வேண்டும்.

தொழிலின் அமைப்பு என்பது என்ன? ஒரு கடையையோ, ஒரு படகையோ, ஒரு பெரிய கொம்பனியையோ எடுத்துக்கொள்வோம். நான்கு கேள்விகளை அதனிடம் கேட்கலாம். எந்தப் பொருளை யாருக்கு விற்கிறது? அப்பொருளை எவ்வாறு பெறுகிறது? அதற்கான செலவும் வரவும் எந்த வழியில், எந்தக் காலத்தில் நிகழ்கின்றன? நட்டம் வந்தால் அதை யார் தாங்குகிறார்? இந்த நான்கிற்கும் உரிய விடைகளின் தொகுப்பே அத்தொழிலின் அமைப்பு ஆகும். நெருக்கடி வரும்போது தொழில் மாறுகிறது என்றால், இந்த நான்கு விடைகளுள் ஒன்றேனும் மாறுகிறது என்பதே பொருள். எந்த விடையை மாற்றினார்கள், எதை மாற்றாது விட்டார்கள் என்று பார்த்தால், பிழைத்ததன் காரணமும் கெட்டதன் காரணமும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

இதனைக் கற்பதற்கு நமது நாட்டிலே மன்னார்த் தீவையும் அதன் எதிரேயுள்ள பெருநிலக் கரையையும் போன்ற பாடசாலை வேறில்லை எனலாம். தலைமன்னார், பேசாலை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி என்று தீவிலும், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்று கரையிலும் அமைந்த ஊர்கள் பலவும் கடலையே நம்பி வாழ்ந்தவை. கடல் கொடுத்த காலமும் உண்டு. கைவிட்ட காலமும் உண்டு. ஒவ்வொரு முறை கைவிட்டபோதும் இங்குள்ள மக்களும், இங்கே முதலிட்டவர்களும் தத்தம் தொழிலை மாற்றிப் பார்த்தார்கள். அந்த வரலாற்றையே இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் முத்துக்குளிப்பைக் காண்போம். மன்னார் வளைகுடாவில், அரிப்புக்கும் மரிச்சுக்கட்டிக்கும் எதிரே, ஏறத்தாழ ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில், சிப்பிகள் ஒட்டி வாழும் கற்பாறைத் திடல்கள் உள்ளன. அவற்றைப் பார் என்பர். பெரிய பார், செவ்வல் பார், மோதரகம் பார் என்பன அவற்றுட் சில. இரு பருவக் காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியுற்றிருக்கும் மாசி, பங்குனி மாதங்களை ஒட்டியே குளிப்பு நடைபெறும். குளிப்பு நடக்கும் ஆண்டில், மனிதர் நடமாட்டமற்ற மணற்கரையிலே சில கிழமைகளில் ஒரு நகரமே எழுந்துவிடும். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிலிருந்தும், அரபு நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் வந்து சேர்வர். வணிகர் வருவர், வட்டிக்குக் கொடுப்போர் வருவர், சோற்றுக்கடையினர் வருவர். குளிப்பு முடிந்ததும் அந்நகரம் மறைந்துவிடும். குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென்று தேசாதிபதி நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பிலே கட்டிய மாளிகையின் இடிபாடு இன்றும் உண்டு. அல்லிராணிக் கோட்டை என்று மக்கள் சொல்வது அதனைத்தான்.

இந்தக் குளிப்பின் தொழில் அமைப்பு மிகவும் நுட்பமானது. சுழியோடிக்கு அரசாங்கம் கூலி கொடுப்பதில்லை. அவன் கொணர்ந்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு அவனைச் சேரும். மூன்றில் இரு பங்கு அரசாங்கத்தைச் சேரும். சிப்பிகளைக் கொண்டுவந்து எண்ணிப் பங்கிடும் அடைப்புக்குக் கொட்டு என்று பெயர். அரசாங்கத்தின் பங்கு அன்றிரவே ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலத்தில் விற்கப்படும். சிப்பியைத் திறவாமலே விற்பார்கள். உள்ளே முத்து உண்டா, இல்லையா என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. வாங்கிய வணிகர் சிப்பிகளை அழுகவிட்டு, வள்ளங்களில் இட்டுக் கழுவிய பின்னரே தம் நல்லூழையோ தீயூழையோ கண்டுகொள்வர்.

இதிலே நட்டத்தை யார் தாங்கினார் என்று பாருங்கள். சிப்பி கிடைக்காவிட்டால் சுழியோடிக்குக் கூலி இல்லை; அரசாங்கத்துக்கும் பெருஞ்செலவு இல்லை. சிப்பி கிடைத்து அதில் முத்து இல்லாவிட்டால் நட்டம் வணிகருக்கு. அந்த வணிகரும் பலர். ஒவ்வொருவருக்கும் சிறு சிறு பங்கு. ஆகவே நிச்சயமற்ற ஒரு தொழிலின் நிச்சயமின்மை பல தோள்களிலே பகிர்ந்து வைக்கப்பட்டிருந்தது. இவ்வமைப்பிலே சுழியோடிகளுக்கு நீதி செய்யப்பட்டதா என்பது வேறு கேள்வி. ஆனால் குளிப்பு இல்லாத ஆண்டுகளிலும் எவரும் அடியோடு மூழ்கிவிடாதபடி அது அமைந்திருந்தது என்பதை மறுக்க இயலாது.

குளிப்பு இல்லாத ஆண்டுகளோ மிகப் பல. 1837ஆம் ஆண்டின் பின் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் குளிப்பே நடைபெறவில்லை. 1891க்குப் பின் மீண்டும் பதினோர் ஆண்டுகள் பார்கள் வெறுமையாய்க் கிடந்தன. காரணத்தை ஆராயும்படி பேராசிரியர் ஹேர்ட்மன் என்னும் கடலுயிரியல் அறிஞரை அரசாங்கம் 1902இல் அழைத்தது. அவரும் அவருடைய துணைவராகிய ஜேம்ஸ் ஹோர்னலும் பார்களைச் சோதித்தனர். பெரிய பாரில் எண்ணற்ற இளஞ்சிப்பிகள் மண்டிக்கிடக்கும். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் அவற்றுள் ஒன்றும் எஞ்சியிராது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது எழும் நீரோட்டம் அவற்றை மணலால் மூடும், அல்லது அள்ளிச் சென்றுவிடும். திருக்கை முதலிய மீன்கள் தின்பது வேறு. அந்தப் பாரைத் தாய்ப் பார் என்று கரையிலுள்ளோர் கூறுவர். அங்கிருந்தே மற்றப் பார்களுக்குச் சிப்பி வருகிறது என்பது அவர்களின் நம்பிக்கை. ஆராய்ச்சியோ, அங்கே விழும் குஞ்சுகளிற் பெரும்பாலானவை வளராமலே அழிகின்றன என்று கண்டது. அவற்றை எடுத்துப் பாதுகாப்பான பார்களிலே பரப்பினால் தொழில் நிலைபெறக்கூடும் என்று ஹேர்ட்மன் கருதினார்.

அவ்வேளையில் கடல் திடீரெனக் கை திறந்தது. 1903ஆம் ஆண்டிலும் 1904ஆம் ஆண்டிலும் குளிப்பு நடந்தது. 1905ஆம் ஆண்டுக் குளிப்போ எவரும் அதுவரை கண்டிராத பெருங்குளிப்பு. ஏறத்தாழ ஐயாயிரம் சுழியோடிகள் அதில் இறங்கினர். அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் இருபத்தைந்து இலட்சம் ரூபாவை எட்டியது. அந்த ஒளியிலே கண் கூசிய இலண்டன் முதலாளிகள், இலங்கை முத்துக்குளிப்போர் கொம்பனி என்ற ஒன்றை நிறுவினர். 1906ஆம் ஆண்டு முதல் இருபது ஆண்டுகளுக்குப் பார்களை அவர்கள் குத்தகைக்கு எடுத்தனர். ஆண்டுக் குத்தகை மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா.

கணக்கைப் பார்த்தால் கொம்பனி ஏமாந்ததாகத் தோன்றாது. இருபது ஆண்டுகளின் மொத்தக் குத்தகை அறுபத்திரண்டு இலட்சம் ரூபா. 1905ஐப் போன்ற ஆண்டுகள் மூன்று கிடைத்தாற் போதும்; குத்தகை முழுவதும் கைக்கு வந்துவிடும். மிகுதி ஆண்டுகள் எல்லாம் இலாபமே. ஆனால் இந்தக் கணக்கிலே ஒரு பெரும் பிழை உண்டு. வரவு எப்போது வரும் என்பது கடலின் விருப்பம். குத்தகை எப்போது கொடுக்கவேண்டும் என்பதோ ஒப்பந்தத்தின் கட்டளை. நிலையற்ற வரவுக்கு நிலையான செலவைக் கட்டிவிட்டார்கள். முன்பு பல தோள்களில் இருந்த சுமையை ஒரே தோளுக்கு மாற்றிவிட்டார்கள். அரசாங்கத்தின் பக்கம் நின்று பார்த்தால், அது தன் தொழில் அமைப்பைத் திறமையாக மாற்றிக்கொண்டது: ஏலத்தில் வரும் நிச்சயமற்ற பணத்துக்குப் பதிலாக நிச்சயமான வாடகை. கொம்பனியின் பக்கம் நின்று பார்த்தால், ஆழமறியாமற் காலை விட்ட கதை.

1906, 1907 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டுமே குளிப்பு நடந்தது. அதன் பின்னர், கொம்பனியின் காலம் முழுவதும், குளிப்புக்குத் தகுதியான சிப்பி பார்களில் இல்லை. கொம்பனி வாளா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். விஞ்ஞானிகளை வைத்துக்கொண்டது, சிப்பிகளை இடமாற்றி வளர்க்க முயன்றது, திறவாமலே முத்தைக் காண்பதற்கு எக்ஸ் கதிரையும் துணைக்கொண்டது. இவையெல்லாம் புதுமைகளே. ஆயினும் அவை அனைத்தும் நமது இரண்டாவது கேள்விக்கு உரிய விடையை, அதாவது பொருளைப் பெறும் வழியை, மாற்றும் முயற்சிகள். நோய் இருந்ததோ மூன்றாவது, நான்காவது கேள்விகளில். குத்தகைப் பணம் ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்தது. 1912 அளவில் கொம்பனி பார்களைக் கைவிட்டுச் சென்றது.

இனி, அதே கடலிலே அதே இடரைச் சந்தித்த சுழியோடிகளைப் பார்ப்போம். அவர்களுக்கு மூலதனம் இல்லை, விஞ்ஞானி இல்லை, எக்ஸ் கதிர் இல்லை. முத்து இல்லாத ஆண்டுகளில் அவர்கள் சங்கு குளித்தார்கள். மன்னார்க் கடலிலும் பாக்கு நீரிணையிலும் மணற்பாங்கான அடித்தளத்தில் சங்கு கிடைக்கும். அதை வாங்குவோர் வங்காளத்தில் இருந்தனர். அங்கே மணமான இந்துப் பெண்கள் அணியும் வளையல்கள் சங்கை அறுத்தே செய்யப்படுகின்றன; டாக்கா நகரிலே அதற்கென ஒரு தெருவே உண்டு. மூச்சை அடக்கி மூழ்கும் வித்தை ஒன்றே. அதனால் வரும் பொருள் இரண்டு. அவற்றை வாங்கும் சந்தையும் இரண்டு. ஒன்று படுத்தால் மற்றொன்று நின்றது. தன் திறமையை விடாமல், விற்கும் பொருளையும் வாங்குவோரையும் மாற்றிக்கொள்வது என்னும் இவ்வழியை இக்காலத்துப் பொருளியல் நூல்கள் பெரிய பெயர்களால் அழைக்கின்றன. மன்னார்க் கரையில் அது வெறும் வழக்கமாகவே இருந்தது.

முத்துத் தொழிலுக்கு இறுதி அடி கடலிலிருந்து வரவில்லை, யப்பானிலிருந்து வந்தது. மிக்கிமோட்டோ என்பவர் 1893இலேயே சிப்பிக்குள் அரைமுத்தை வளர்த்துக் காட்டினார். 1921 அளவில் உருண்டையான வளர்ப்பு முத்துகள் இலண்டன் சந்தையை அடைந்து, இயற்கை முத்து வணிகரைக் கலங்கவைத்தன. பாரசீக வளைகுடாவிலே முத்தையே நம்பியிருந்த பஹ்ரேன் நாடு நிலைகுலைந்தது. 1932இல் அங்கே எண்ணெய் கிடைத்தமையால் தப்பிற்று. மன்னாரிலே எண்ணெய் ஊற்று எதுவும் பீறிட்டு எழவில்லை. இங்கே பழைய முறையில் நடந்த கடைசிப் பெருங்குளிப்பு 1925ஆம் ஆண்டினது. எதிர்க்கரையான தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை குளிப்பு நடந்து, பின்னர் அதுவும் நின்றது. 1973இல் தூத்துக்குடியிலுள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் அவ்விடத்துச் சிப்பியிலேயே வளர்ப்பு முத்தை உண்டாக்கினர். ஆனால் உலகச் சந்தை அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னரே வேறு கைக்குப் போய்விட்டது. மாற்றம் சரியானதாய் இருந்தாலும், காலம் தாழ்ந்தால் அதன் பயன் குறைந்துவிடும்.

நேயர்களே, இதுவரை கண்டவற்றை வைத்து ஒரு பகுப்பைச் செய்துகொள்வோம். நெருக்கடியில் ஒரு தொழில் செய்யக்கூடியவை நான்கு. முதலாவது, சுருக்குதல்: செலவைக் குறைத்து, ஆட்களைக் குறைத்து, சிறிதாகிப் பிழைத்தல். இரண்டாவது, தாங்குதல்: கையிருப்பையும் கடனையும் கொண்டு நல்ல காலம் வரும்வரை பொறுத்திருத்தல். மூன்றாவது, மாற்றுதல்: பொருளையோ சந்தையையோ வழியையோ புதிதாக்குதல். நான்காவது, விலகுதல்: அந்தத் தொழிலையோ அந்த இடத்தையோ விட்டுப் போதல். இவற்றுள் எதுவும் எப்போதும் நல்லதன்று. எதுவும் எப்போதும் தீயதன்று. இடர் குறுகியதாயின் தாங்குதலே அறிவு. இடர் நீண்டதாயின், தாங்குகிறவனுக்கு முதலுக்கே மோசம் வந்துவிடும். ஆகவே நெருக்கடியில் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "என்ன செய்வது?" என்பதன்று, "இது எவ்வளவு காலம் நீளும்?" என்பதே.

இக்கேள்விக்கு விடை காண்பது எத்துணை அரிது என்பதைத் தலைமன்னார் அறியும். 1914ஆம் ஆண்டிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. இருபுறமும் புகையிரதம், நடுவே ஏறத்தாழ இருபத்திரண்டு மைல் கடல். கொழும்பிலே ஏறியவர் சென்னைக்குப் போய்ச் சேரலாம். ஒரு பாதையின் முனையாக இருந்தமையால் தலைமன்னார்த் துறை உயிர் பெற்றது. பாதை ஒன்றை மட்டும் நம்பிய தொழில்கள், அதாவது சுமை தூக்குதல், உணவு விற்றல், தங்குமிடம் தருதல் போன்றவை, அந்தப் பாதையோடு சேர்ந்தே வாழும், சேர்ந்தே சாகும். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. 1984இல் அதுவும் நின்றது. 1990இல் புகையிரதமும் மன்னாருக்கு வராமற் போயிற்று. மீண்டும் தலைமன்னார் வரை புகையிரதம் ஓடத் தொடங்கியது 2015ஆம் ஆண்டிலேதான். புயலுக்குப் பின் சிறிது காலம் பொறுத்தால் போதும் என்று எண்ணியவருக்கு அது சரியாகவே இருந்தது. 1984இல் அவ்வாறே எண்ணியவருக்கோ ஒரு தலைமுறை கழிந்தது.

போர்க்காலம் நான்கு வழிகளையும் இக்கரைக்குக் கற்பித்தது. கடலுக்குச் செல்லத் தடையும் நேரக் கட்டுப்பாடும் இருந்த நாட்களில் தொழில் சுருங்கியது. பலர் படகேறித் தமிழகத்துக்கு அகதிகளாய்ச் சென்றனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம் குடும்பங்கள் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளுக்குச் சென்று, வெறுங்கையோடு வாழ்க்கையைத் தொடங்க நேர்ந்தது. அது தாமாக விரும்பித் தேர்ந்த விலகுதல் அன்று. நெருக்கடியை வாய்ப்பு என்று புகழ்ந்து பேசுவோர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும். தெரிவு செய்யும் உரிமை உள்ளவனுக்கே மாற்றம் ஒரு வாய்ப்பு. உரிமை பறிக்கப்பட்டவனுக்கு அது இழப்பு.

எஞ்சியிருந்தோர் செய்த மாற்றமொன்றையும் குறிப்பிடவேண்டும். பச்சை மீன் காலத்தோடு போட்டியிடும் பொருள். ஐஸ் வேண்டும், லொறி வேண்டும், திறந்த வீதி வேண்டும், மறுநாட் காலையிலே சந்தை வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் பொருள் கெட்டது. கருவாடோ காத்திருக்கும் பொருள். உப்பும் வெயிலும் மன்னாரிலே குறைவற உண்டு. வீதி அடைபடும்போது மீனைக் கருவாடாக்குவதனால் மீனவன் காலத்தை விலைக்கு வாங்குகிறான். விலை குறைவுதான், நிறையும் சுண்டிவிடும்தான், ஆயினும் முழுதும் கெடுவதிலும் பாதி கிடைப்பது மேல். உலர்த்துவது பெரும்பாலும் பெண்களின் வேலை. ஆகவே நெருக்கடி வந்தபோது தொழிலின் பாரம் படகிலிருந்து முற்றத்துக்கு மாறியது என்றும் கூறலாம்.

அண்மைக் காலத்து நெருக்கடிகள் இரண்டினை இனி நோக்குவோம். 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலே பேலியகொடை மத்திய மீன் சந்தையில் தொற்றுக் கண்டமையால் அச்சந்தை மூடப்பட்டது. மீனை உண்டால் நோய் வரும் என்று மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்குவதற்காக முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டியதைப் பலர் அறிவீர்கள். கடலிலே மீன் இருந்தது, படகும் இருந்தது, ஆனால் நாட்டின் மீனெல்லாம் சென்று சேரும் ஒரு வாயில் அடைபட்டபோது கரையெங்கும் தொழில் முடங்கியது. வாங்குவோர் ஒருவரேயாயின், அவர் நலமாய் இருக்கும்வரைதான் நாமும் நலமாய் இருப்போம் என்பது இதன் பாடம். அத்தகைய வேளைகளில் அருகிலுள்ள ஊர்களுக்கு நேரே கொண்டு சென்று விற்பதும், விற்று முடியாததை உலர்த்துவதும் பழைய வழிகளே. நெருக்கடியில் அவை மீண்டும் புதியவை ஆகிவிடுகின்றன.

2022ஆம் ஆண்டு வந்தது வேறுவகை இடர். நாட்டிலே அந்நியச் செலாவணி வற்றியது. முதலில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. படகுகள் கரையிலே நின்றன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு படகு ஒருமுறை கடலுக்குச் சென்று வர இருபது லீற்றர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முன்பு 1,740 ரூபா. விலை உயர்ந்த பின் 6,800 ரூபா. மேலதிகம் 5,060 ரூபா. மீன் கிலோ 500 ரூபாவுக்கு விலைபோனாலும், இந்த மேலதிகத்தை ஈடுசெய்வதற்கு மட்டும் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட மீன் நாள்தோறும் கூடுதலாக வேண்டும். பாடு குறைந்த நாளில் கடலுக்குப் போவதே நட்டமாகிவிடும்.

அதே நெருக்கடியில் மறுபுறம் ஒன்றும் நிகழ்ந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டொரு மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. உள்ளூரில் விற்பவனுக்கு இதனால் கேடு. வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் பொருளைப் பிடிப்பவனுக்கோ நன்மை. நீலக்கால் நண்டும் கடலட்டையும் அத்தகைய பொருள்கள். கடலட்டையை நம்மவர் உண்பதில்லை. சீனம், ஹொங்கொங், சிங்கப்பூர் ஆகிய இடங்களிலே அதற்குப் பெருமதிப்பு உண்டு. ஆகவே அடைப்பு அமைத்துக் கடலட்டை வளர்க்கும் தொழில் வடகரையில் விரைந்து பரவியது. 2022ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, மட்டக்களப்பு மாவட்டங்களில் ஐயாயிரம் ஏக்கரிலே கடலட்டைப் பண்ணைகளை அமைக்கும் திட்டத்துக்கு அமைச்சரவை இசைவு அளித்தது.

இதிலே நாம் நிதானித்துப் பார்க்கவேண்டிய விடயம் உண்டு. கடலட்டை அடைப்பு ஆழமற்ற கரைக்கடலிலே அமைகிறது. அங்கேதான் சிறு வள்ளமும் இல்லாத ஏழை மீனவர் கால்நடையாய்ச் சென்று இறால் பிடிப்பர், நண்டு பிடிப்பர். அங்கேதான் மீன்குஞ்சுகளும் வளரும். அடைப்பு வந்தால் ஒருவரின் தொழில் உருமாறிப் பிழைக்கலாம். அடுத்தவரின் பாதை அடைபடலாம். வடகரை மீனவர் பலர் இதனை எதிர்த்ததன் காரணம் இதுவே. நமது நான்கு கேள்விகளோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: புதிய வழிக்குரிய இடத்தையும் வளத்தையும் யாரிடமிருந்து எடுக்கிறோம்? 1906இலே கொம்பனிக்குக் கொடுக்கப்பட்ட பார்களும் பொதுக்கடல்தான் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இன்னுமொரு கேள்வி எஞ்சியுள்ளது. மாறுவதே பிழைக்கும் வழி என்று தெரிந்திருந்தும் சிறு தொழிலாளர் ஏன் மாறுவதில்லை? அறியாமையால் அன்று, கடனால். கரையோரங்களிலே மீனவருக்கு வலையும் இயந்திரமும் வாங்க முன்பணம் கொடுப்பவர் பெரும்பாலும் மீன் வாங்கும் முதலாளியே. அந்தக் கடனுக்கு வட்டி கேட்பதில்லை. பதிலாக, பிடிபடும் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கவேண்டும். இடர்க்காலத்தில் இம்முதலாளி உதவுவதும் உண்டு. அரிசிக்கும் மருந்துக்கும் காசு கொடுப்பவர் அவரே. ஆயினும் அந்தக் கட்டு உள்ளவரை மீனவன் வேறு பொருளைப் பிடிக்கவோ வேறு சந்தையை நாடவோ இயலாது. விற்கும் பொருள், வாங்கும் ஆள், வரும் விலை என்னும் எல்லா விடைகளும் வேறொருவர் கையில் இருக்கின்றன. நெருக்கடி வந்ததும் அவன் செய்யக்கூடியது ஒன்றே: வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, தாங்குதல்.

இக்கட்டைத் தளர்த்துவதற்கே கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. மன்னார் மாவட்டத்திலே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்தோறும் உள்ளன. சிறு கடன், சொந்த ஐஸ், பொதுவான ஏலம், இரண்டாவது வாங்குவோர் ஒருவர்: இவ்வளவும் கிடைத்தால் தனி மீனவன் மாற்றத்தைத் துணிந்து செய்யலாம். சேமிப்பு என்பது செல்வரின் ஆடம்பரம் அன்று. மாறுவதற்கு வேண்டிய அவகாசமே சேமிப்பு ஆகும். ஒரு மாதச் சோற்றுக்கு வழி இருப்பவன்தான் புதிய வலையைப் பற்றிச் சிந்திப்பான்.

முடிவாக, மன்னார்க் கரை நமக்குக் கூறுவனவற்றைத் தொகுத்துக்கொள்வோம். நிலையற்ற வரவுள்ள தொழிலுக்கு நிலையான பெருஞ்செலவைக் கட்டாதீர்கள். இலண்டன் கொம்பனி அதனால் வீழ்ந்தது. திறமையை விடாமல் பொருளை மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். சுழியோடிகள் அதனால் வாழ்ந்தனர். ஒரே பாதையையும் ஒரே சந்தையையும் நம்பாதீர்கள். தலைமன்னாரும் பேலியகொடையும் அதற்குச் சான்று. நெருக்கடியில் விதைநெல்லைக் குத்தி உண்ணாதீர்கள்; கடலின் குஞ்சும் கரையின் இடமும் நாளைய முதல். எல்லாவற்றிற்கும் மேலாக, மாற்றத்தின் சுமையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். பழைய கொட்டிலே பலர் தோளில் இருந்த பாரம் ஒருவர் தோளுக்கு மாறியபோது அவர் முறிந்தார். இன்றைக்கு அந்தப் பாரம் முன்பணக் கடனில் நிற்கும் சிறு படகுக்காரர் தோளிலே இருக்கிறது. அவர் தோள் இலண்டன் முதலாளியின் தோளைவிட மெலிந்தது. அடுத்த இடர் எந்த உருவில் வரும் என்று எவரும் அறியோம். அது வருவதற்கு முன் அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைச் செய்வோமாயின், மன்னார்க் கரை மற்றொருமுறையும் மாறிப் பிழைக்கும்.